எவ்வளவுன்னு மட்டும் சொல்லு தம்பி

ஆபீஸ்ல ஏகப்பட்ட ஆணி. அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்ட முடியலை. (யாரும் தேடலைங்கிறது வேற விஷயம். விடுங்க.) இன்னிக்கு எழுதப் போறது நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தி. நடுவுல கொஞ்சம் பொட்டி தட்டுற சமாச்சாரம் வரும். பொட்டி தட்டாத மக்களும் தைரியமா படிக்கலாம், கடிக்காது :)

நான் வேலை பாக்குறது பில் கட்டுற ஆப் பண்ற ஒரு கம்பெனியில. கரண்ட் பில், கேஸ், மொபைல் ரீசார்ஜ், எல்லாத்துக்கும் ஒரே ஆப். அதுல ஆண்ட்ராய்டு பக்கம் நம்ம டிபார்ட்மென்ட். காலேஜ்ல என் கூட ஒரே ரூம்ல இருந்தவனோட அக்கா, ஒரு அரசுப் பள்ளியில இங்கிலீஷ் டீச்சர். பிறவியிலேயே பார்வை கிடையாது. நான் லீவுக்கு அவங்க வீட்டுக்குப் போய் நாள் கணக்குல தின்னு தீர்த்தவன், அதனால எனக்கும் அக்காதான். நான் இந்த ஆப்ல வேலை பாக்குறேன்னு தெரிஞ்சதும் "நம்ம தம்பி பண்ணினது"ன்னு சொல்லி முதல் ஆளா இறக்கிக்கிட்டாங்க.

ஒரு நாள் ராத்திரி போன். "தம்பி, உன் ஆப்ல கரண்ட் பில் கட்டினேன்பா. யாரோட பில்லையோ கட்டிட்டேன் போலருக்கு."

நடந்தது இதுதான். மின் இணைப்பு எண் அடிக்கும்போது ஒரு நம்பர் மாறிப்போச்சு. மாறின எண்ணும் யாரோ ஒருத்தரோட நிஜமான இணைப்பு. ஆப் போய் அந்த ஆளோட பில்லைக் கொண்டு வந்து காட்டியிருக்கு. பேர், எண், தொகை, கடைசி தேதி, எல்லாம் ஒரு கார்டுல. கண்ணு தெரிஞ்ச யாரா இருந்தாலும் "அட, இது நம்ம பேர் இல்லையே"ன்னு ஒரு செகண்ட்ல திரும்பியிருப்பாங்க. அக்காவோட போன் அந்தக் கார்டை எப்படிப் படிச்சுது தெரியுமா?

"பில் விவரம்."

அவ்வளவுதான். ஒரு விரல் தள்ளினா அடுத்தது, "செலுத்து, பட்டன்." வாலட்ல ஏற்கெனவே பணம் போட்டு வச்சிருந்தாங்க. அதனால வேற பக்கம் எதுவும் குறுக்க வரலை. தொகை 1,140ன்னு மின்வாரியத்துலேர்ந்து வந்த எஸ்எம்எஸ்ஸை வச்சு அவங்களுக்குத் தெரியும். அதையேதான் கட்டுறோம்னு நினைச்சு ரெண்டு தட்டு தட்டிட்டாங்க. போனது 3,860 ரூபாய். அடுத்து வந்த ரசீதுப் பக்கத்துல யாரோ ஒருத்தர் பேர் கேட்டப்பதான் விஷயமே தெரிஞ்சிருக்கு. ரசீதுப் பக்கத்தை நான் எழுதலை. அதனால அது ஒழுங்கா படிச்சிருக்கு!

எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி அக்கா எங்க கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டிருக்காங்க. பதில்ல ஒரு வரி: "பணம் செலுத்தும் முன் திரையில் உள்ள விவரங்களைச் சரிபார்த்துக்கொள்ளவும்." அதை அவங்க எனக்கு வாசிச்சுக் காட்டினப்ப நான் ஒண்ணும் பேசலை.

மறுநாள் ஆபீஸ் போய் முதல் வேலையா கோடைத் திறந்து, அந்த வரியை எழுதின புண்ணியவான் யாருன்னு கிட்ல பாத்தேன். ஹி ஹி. நம்ம பேர்தான்.

இங்க கொஞ்சம் விளக்கணும். டச் போன்ங்கிறது வெறும் கண்ணாடி. தடவிப் பாத்தா எல்லா இடமும் ஒண்ணுதான். 2009ல ஐபோன் 3ஜிஎஸ்ல வாய்ஸ்ஓவர் வந்துச்சு, அதே வருஷம் ஆண்ட்ராய்டு 1.6ல டாக்பேக் வந்துச்சு. ரெண்டும் ஏறக்குறைய ஒரே வேலைதான் பண்ணும். விரலை வச்சா அங்க என்ன இருக்குன்னு சொல்லும். விரலை வலது பக்கம் தள்ளினா அடுத்த பொருளுக்குப் போகும். ரெண்டு தடவை தட்டினாதான் அது அமுங்கும். இதை வச்சுக்கிட்டு அக்கா பேங்க் வேலை, வாட்ஸப், பசங்களோட மார்க் லிஸ்ட் எல்லாம் பண்றாங்க. ஒரு காதுல மட்டும் இயர்போன். இன்னொரு காது ரோட்டுக்கு வேணுமாம்.

இந்தக் குரலுக்குத் திரையில இருக்கிற படம் எதுவும் தெரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ஆப் உள்ளுக்குள்ள மூணு விஷயம் சொல்லி அனுப்பும்: பேர் என்ன, வகை என்ன (பட்டனா, தலைப்பா, டிக் பண்ற பெட்டியா), இப்ப எந்த நிலைமையில இருக்கு (டிக் ஆகியிருக்கா, முடக்கி வச்சிருக்கா). நாம எதுவும் சொல்லலைன்னா, எழுத்து இருக்கிற இடத்துல அந்த எழுத்தையே எடுத்துப் படிச்சுக்கும். நாம தனியா ஒரு பேர் எழுதிக் குடுத்தா? உள்ள இருக்கிற எழுத்தை விட்டுட்டு நாம சொன்னதைத்தான் நம்பும். ஆண்ட்ராய்டுல இதுக்குப் பேர் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன். எழுத்தே இல்லாத ஐகானுக்கும் படத்துக்கும் போடத்தான் அது இருக்கு.

நான் என்ன பண்ணினேன்? ரிலீஸுக்கு முன்னாடி ஒரு செக்லிஸ்ட் வந்துச்சு. அதுல 'தட்டக்கூடிய எல்லாத்துக்கும் விளக்கம் இருக்கணும்'னு ஒரு வரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம். பொட்டலத்துக்கு நூல் சுத்துற மாதிரி எல்லாத்துக்கும் ஒண்ணொண்ணு போட்டுக்கிட்டே போனேன். அந்தக் கார்டைத் தட்டினா பில்லோட முழு விவரம் திறக்கும். அதனால அதுக்கும் 'பில் விவரம்'னு போட்டேன். ஒண்ணுமே போடாம விட்டிருந்தா உள்ள இருக்கிற பேரு, எண், தொகை, தேதி நாலையும் டாக்பேக் தானே சேத்துப் படிச்சிருக்கும். 'உதவி' பண்றேன்னு நான் எழுதின ரெண்டு வார்த்தை அந்த நாலையும் முழுங்கிடுச்சு. செக்லிஸ்ட்ல மட்டும் பச்சை டிக்!

ஆக, ரிப்பேர் என்னன்னா ஒரு வரியை அழிச்சதுதான். அதுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு. அந்த வரியை ரிலீஸுக்குள்ள கொண்டு போக ஒன்றரை மாசம் ஆச்சுங்கிறது அடுத்த கதை.

டேமேஜர் கேட்டார்: "எத்தனை யூசர்ப்பா இருப்பாங்க இந்த மாதிரி?" என்கிட்ட நம்பர் இல்லை. அவர் கேட்டது எரிச்சலா இருந்தாலும், ஆபீஸ்ல எல்லாரும் கேக்குற கேள்விதான். பதில் யோசிச்சப்பதான் ஒண்ணு புரிஞ்சுது. ஆப்ல வேலை முடிக்க முடியாதவங்க அழிச்சுட்டுப் போயிடுவாங்க. அவங்க போயிட்டா கணக்குல வரமாட்டாங்க. கணக்குல இல்லைன்னா "யாரும் யூஸ் பண்றதில்லை"ன்னு நாம சொல்லிக்கலாம். நல்ல ஏற்பாடு.

கடைசியில அவரை அசைச்சது என் பேச்சு இல்லை, கோர்ட்டு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஏற்கெனவே இருக்கு. 2025 ஏப்ரல் 30ல உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு. கேமரா முன்னாடி கண்ணைச் சிமிட்டுன்னு சொல்ற கேஒய்சி முறையில ஆசிட் வீச்சுல பாதிக்கப்பட்டவங்களும் பார்வையில்லாதவங்களும் எப்படிச் சிமிட்டுவாங்கன்னு கேட்டுப் போட்ட வழக்குகள். டிஜிட்டல் வசதிகள் எல்லாருக்கும் எட்டணும்ங்கிறது அரசியல் சட்டம் 21வது பிரிவு குடுக்குற வாழ்வுரிமையோட ஒரு பகுதின்னு சொல்லி, 20 உத்தரவும் போட்டாங்க. அந்தச் செய்தியை அவருக்கு அனுப்பினேன். மூணாவது வரிசையில தூங்கிட்டு இருந்த டிக்கெட் முதல் வரிசைக்கு வந்து உக்காந்துச்சு.

இதுக்கு நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். போனதும் பர்ஸை எடுத்தேன். "3,860 அக்கா, என் தப்புதான்." அக்கா வாங்கலை.

"விடுப்பா. யாரோ ஒரு வீட்டுல ரெண்டு மாசத்துக்கு நான் வெளக்கேத்தி வச்சிருக்கேன். நல்லா இருக்கட்டும்" அப்படின்னு சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. "காசுக்குப் பதிலா ஒண்ணு பண்ணு. உன் ஆப்பை என் போன்ல நீயே யூஸ் பண்ணிப் பாரு."

டாக்பேக்ல திரையை மறைச்சு வைக்கிற வசதி ஒண்ணு இருக்கு. அதைப் போட்டு, முழுக் கருப்பா இருந்த போனை என் கையில குடுத்தாங்க. அக்கா வச்சிருக்கிற வேகத்துல அந்தக் குரல் பேசினா எனக்கு எறும்பு ஊர்ற மாதிரி கேக்குது. வேகத்தைக் குறைச்சாங்க. நான் எழுதின ஆப், நான் வரிசைப்படுத்தின பட்டன். அதுல லாகின் பண்ண எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு.

அன்னிக்குக் கேட்டதுல சிலது:

"செலுத்து பட்டன், பட்டன்." பேர்லயே 'பட்டன்'னு நான் எழுதியிருக்கேன். வகை பட்டன்னு டாக்பேக் தானாவே சொல்லும். ஆக ரெண்டு தடவை. "கேட் வாசலா, வாசல் கேட்டா?"ன்னு அக்கா கிண்டல்.

"நீலநிற வளைவுப் படம்." அது பின்னாடி அழகுக்கு வச்ச டிசைன். அதுக்கும் பேர் வச்சிருக்கேன், செக்லிஸ்ட் புண்ணியத்துல. இந்த மாதிரி அலங்காரத்துக்கு எல்லாம் 'இது முக்கியமில்லை, தாண்டிப் போ'ன்னு சொல்ல ஆண்ட்ராய்டுலயும் ஐஓஎஸ்லயும் தனித்தனியா வழி இருக்கு. ஒரே ஒரு வரி.

அப்புறம் ஓடிபி பக்கம். இது மறக்கவே மறக்காது. ஓடிபி திரும்ப அனுப்ப 30 செகண்ட் கவுன்ட்டவுன் ஓடும் இல்லையா? திரையில ஒரு இடம் மாறினா தானா அறிவிக்கச் சொல்றதுக்கு லைவ் ரீஜன்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு வகை. 'பொலைட்'னா, பேசிட்டு இருக்கிறது முடிஞ்சதும் சொல்லும். 'அசெர்டிவ்'னா, நடுவுல வெட்டிப் பேசும். நான் அந்தக் கவுன்ட்டவுனுக்கு அசெர்டிவ் போட்டு வச்சிருக்கேன். "29... 28... 27..." மெசேஜ்ல வந்த ஓடிபியைக் கேட்டு மனசுல வச்சுக்கிட்டு, இங்க வந்து அடிக்கிறதுக்குள்ள காதுக்குள்ள ஒருத்தன் நம்பரா கத்திட்டு இருக்கான். 4 7 1ன்னு ஞாபகம் வச்சா நடுவுல 22ங்கிறான். நான் மூணு தடவை தப்பா அடிச்சேன். அக்கா இதை ஒவ்வொரு தடவையும் எப்படிச் சமாளிச்சீங்கன்னு கேட்டேன். "30 செகண்டும் முடியற வரைக்கும் சும்மா இருப்பேன். அப்புறம் அடிப்பேன்"னாங்க. ரெண்டு வருஷமா இப்படித்தான் லாகின் பண்ணியிருக்காங்க. ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்லை. "நீயே கஷ்டப்பட்டுப் பண்ணியிருப்பே, உன்னைப் போய் எதுக்குக் குறை சொல்றது"ன்னாங்க. இதுக்குப் பதிலா ரெண்டு திட்டு திட்டியிருக்கலாம்.

மின் இணைப்பு எண்ணைக் கேட்டா இன்னும் கூத்து. அதை ஒரே எண்ணா நினைச்சு கோடி, லட்சம்னு படிக்குது. காதுல விழுறதை வச்சு எந்த நம்பர் மாறியிருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அந்த முதல் தப்புக்கே இதுவும் ஒரு காரணம்னு அப்பதான் உறைச்சுது.

சரி, திருந்திட்டேன்னு நினைக்கிறீங்களா? அங்கதான் இல்லை. ஆபீஸ் வந்து பாவ மன்னிப்புக் கேக்குற வேகத்துல எல்லாத்தையும் பேச வச்சேன். பக்கம் திறந்தா "பில் பக்கம் திறந்தது." ஏதாவது லோட் ஆனா "தயவுசெய்து காத்திருக்கவும்." பட்டன்ல விரல் வச்சா "பணம் செலுத்த இந்த இடத்தை இருமுறை தட்டவும்." எண்ணுக்கு நடுவுல எல்லாம் ஒவ்வொரு இடைவெளி விட்டு எழுதினேன், ஒவ்வொண்ணா படிக்கட்டும்னு. பெரிய சாதனை பண்ணின நினைப்புல டெஸ்ட் வெர்ஷனை அக்கா போன்ல போட்டுக் குடுத்தேன்.

அக்கா ரெண்டு நிமிஷம் கேட்டாங்க. இயர்போனைக் கழட்டினாங்க.

"தம்பி, எனக்குத் தட்டத் தெரியும்பா. பத்து வருஷமா தட்டிட்டு இருக்கேன். எவ்வளவுன்னு மட்டும் சொல்லு. மத்ததுக்கு வாயை மூடு."

அக்கா கிளாஸ்ல பசங்களை எப்படி வச்சிருப்பாங்கன்னு அன்னிக்குப் புரிஞ்சுது :)

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. உன் கண்ணு ஒரு பக்கத்தைப் பாக்கும்போது வேணாங்கிறதை எல்லாம் நீ கேக்காமலே தள்ளிடும். விளம்பரம், அலங்காரம், மேல இருக்கிற லோகோ எதுவும் உனக்கு நேரம் எடுக்காது. காதுக்கு அந்த வசதி இல்லை. வேணாங்கிறதுன்னு தெரிஞ்சுக்கவே முதல்ல கொஞ்சமாவது கேட்டாகணும். நீ கூட வைக்கிற ஒவ்வொரு வார்த்தையும் என் நேரம். அதே சமயம் நீ விட்டுட்ட வார்த்தை எனக்கு இல்லவே இல்லை. பக்கத்துல ஒருத்தர் இருந்தாதான் அது இருக்குன்னே தெரியும். பக்கத்துல யாரும் வேணாம்னுதானே இந்தப் போனை வச்சிருக்கேன்?

எண்ணுக்கு நடுவுல நான் விட்ட இடைவெளியும் தப்புதானாம். அக்கா ஸ்கூல்ல வேலை பாக்குற இன்னொரு சார், போனோட பிரெயில் டிஸ்பிளே ஒண்ணைச் சேத்து விரலால படிப்பார். காதுக்காக நான் எழுத்தைக் கலைச்சா அவர் விரலுக்கும் அது கலைஞ்சுதான் போகும். எழுத்தை அப்படியே விட்டுட்டு, 'இதை ஒவ்வொரு எண்ணா வாசி'ன்னு குரலுக்கு மட்டும் குறிப்பு வைக்கிற வழி ஆண்ட்ராய்டு 5லேர்ந்தே இருக்கு. நான்தான் தேடலை.

"பக்கம் திறந்தது" மாதிரி இஷ்டத்துக்கு அறிவிப்பு விடுற முறை இருக்கே, 2025ல வந்த ஆண்ட்ராய்டு 16ல கூகிளே அதைக் கைவிடச் சொல்லிட்டாங்க. பக்கத்துக்குத் தலைப்பு வை, மாறுற இடத்தை அடையாளம் காட்டு, எப்ப எப்படிச் சொல்றதுங்கிறதை டாக்பேக் பாத்துக்கும்ங்கிறதுதான் இப்ப வழி. என்னை மாதிரி நிறைய பேர் ஆர்ஜே வேலை பாத்திருப்பாங்க போல.

ஆக மூணாவது வெர்ஷன்ல நான் எழுதினதை விட அழிச்சதுதான் ஜாஸ்தி. அலங்காரம் எல்லாம் கப்சிப். கவுன்ட்டவுன் ஓடும்போது வாயே திறக்காது. முடிஞ்சதும் ஒரே ஒரு தடவை, அதுவும் பொலைட்டா, "ஓடிபி மீண்டும் அனுப்பலாம்" என்கும். கேள்வி கேக்குற சின்னப் பெட்டி மேல வந்தா, அது மூடுற வரைக்கும் பின்னாடி இருக்கிற பக்கம் காதுல விழாது. கூட வச்சது ஒண்ணே ஒண்ணு. செலுத்துற பட்டன்லயே தொகை வந்துடும். "1,140 ரூபாய் செலுத்து, பட்டன்." திரையிலயும் அதையே எழுதிட்டோம். கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் இது நல்லா இருக்குன்னு டேமேஜரே பாராட்டினார். அவரோட ஐடியா மாதிரியே மேல ரிப்போர்ட்டும் பண்ணிட்டார், அது தனி சோகம்.

இத்தனை நாள் இந்த விளக்கம் எழுதுறதை எல்லாம் 'கூடுதல் வசதி'ன்னு நினைச்சுட்டு இருந்தேன். கடைசியில வர்ற சின்ன வேலை, ஒரு மணி நேரம் ஒதுக்கினா போதும்னு. ஆனா அக்காவுக்குத் திரைன்னு ஒண்ணு தனியா எங்கயும் இல்லை. நான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவசரத்துல எழுதின அந்த வரிதான் அவங்களுக்குத் திரை. அதுல நான் ரெண்டு வார்த்தை எழுதினா அவங்க உலகத்துல ரெண்டு வார்த்தைதான் இருக்கும். ஆளோட பேரும் தொகையும் அதுல இல்லைன்னா, அவங்க 'சரிபார்க்க' எதுவுமே இல்லை.

போன வாரம் ரிலீஸ் ஆச்சு. அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அப்டேட் போட்டுட்டு, மின் இணைப்பு எண்ணை அடிச்சாங்க. பாத்துட்டே இருந்தேன், வேணும்னே கடைசி நம்பரை மாத்தி அடிச்சாங்க. கார்டு வந்துச்சு. விரல் வச்சாங்க.

யாரோ ஒருத்தர் பேர். எண், ஒவ்வொண்ணா. தொகை. கடைசி தேதி.

"இது நாம இல்லையே"ன்னு சொல்லிட்டு, பின்னாடி போற பட்டனைத் தட்டினாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, "காபி சாப்பிடுறியா தம்பி?"

டிஸ்கி 1: உங்க போன்லயும் டாக்பேக்கோ வாய்ஸ்ஓவரோ இருக்கும். அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிட்டு உங்களுக்குப் பிடிச்ச ஆப்ல ஒரு வேலையை முடிச்சுப் பாருங்க. ஆன் பண்றதுக்கு முன்னாடி ஆஃப் பண்ற வழியைத் தெரிஞ்சு வச்சுக்குங்க. நடுவுல மாட்டிக்கிட்டு என்னைத் திட்டக்கூடாது.

டிஸ்கி 2: பதிவுல படம் போடுற மகாஜனங்களே, படத்துக்கு விளக்கம் எழுத ஒரு இடம் இருக்கும். ஒரு வரி எழுதுங்க. ஒரே ஒரு வரி. அக்கா நம்ம பதிவெல்லாம் படிக்கிறாங்க. இதையும் படிப்பாங்க, எழுத்துப் பிழை இருந்தா போன் வரும் :)